என் ஆமையின் தொடையிடுக்கில் உண்ணிகள்

புதிதாக வந்த சிறுத்தை ஆமையை வெதுவெதுப்பான தண்ணீரில் விட்டபோதுதான் கண்ணில் பட்டது. பின்னங்கால் ஓட்டுக்குள் மடங்கும் இடத்தில், ஆமணக்கு விதை மாதிரி ஒன்று. அழுக்கு என்று நினைத்து விரலால் தேய்த்தேன். அதற்குக் கால்கள் அசைந்தன. டார்ச் அடித்துத் தேடினால் கழுத்து மடிப்பில், அக்குளில், வாலடியில் என்று இன்னும் ஆறு. ஓட்டுத் தகடுகள் சேரும் கோட்டில்கூட ஒரு பொடி உண்ணி.

நாய்க்குக் கொடுத்த மருந்து வீட்டில் மிச்சம் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே மருத்துவருக்குப் போன் செய்தேன். பெயரைப் படித்தேன், ஐவர்மெக்டின். "மூடி வைங்க, ஆமைக்கு அது விஷம்" என்றார். உடம்பு தளர்ந்து செயலிழந்து செத்தே போகுமாம். ஒரு போன் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஆமை வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அவரே எடுத்துக் காட்டினார். கூர்நுனிக் கிடுக்கியால் தோலை ஒட்டி உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடித்து, திருகாமல், ஒரே சீராக இழுக்க வேண்டும். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் கூடாது. வயிற்றை நசுக்கவும் கூடாது. சொல்வதற்குச் சுலபம். தொட்டதும் ஆமை காலை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அதன் பலத்துக்கு நம் பலம் ஈடாகாது. இழுபறி செய்யாமல் அது தானாகக் காலை நீட்டும்வரை காத்திருந்தோம். எடுத்த இடத்தில் நீர்த்த அயோடின் வைத்தார்; உண்ணிகளை ஆல்கஹாலில் போட்டு, எந்த இனம் என்று பார்க்க வைத்துக்கொண்டார்.

இனம் ஏன் முக்கியம் என்று அப்போதுதான் புரிந்தது. நிறைய உண்ணி இருந்தால் ரத்தசோகை வரும், கடிவாய் சீழ் பிடிக்கும். சில உண்ணிகள் ரத்த ஒட்டுண்ணிகளையும் ஆமைக்குக் கடத்தும். ஆப்பிரிக்க ஆமை உண்ணிகளில் சில, மாடு ஆடுகளைக் கொல்லும் ஹார்ட்வாட்டர் நோயைப் பரப்பக்கூடியவை. அந்தப் பயத்தில்தான் அமெரிக்கா 2000 மார்ச்சில் சிறுத்தை ஆமை உட்பட மூன்று ஆப்பிரிக்க ஆமை இனங்களின் இறக்குமதியைத் தடை செய்தது.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கூண்டில் இருந்த மண், மரத்துண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டி அப்புறப்படுத்தினேன். ஆமையைத் தனி அறையில், வெறும் செய்தித்தாள் மேல் விட்டேன். தாளின் மேல் ஊர்வது எதுவானாலும் தெரியும். மூன்றாவது வாரம் ஒன்று தெரிந்தது: ஆறு கால் குஞ்சு, கடுகைவிடச் சின்னது. மறுபடி முதலிலிருந்து சுத்தம் செய்தேன்.

அதற்குப் பின் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகுதான் மற்ற ஆமைகளோடு சேர்த்துவிட்டேன்.