பெட்டியில் என்ன சரக்கு?

நம் கல்லூரி நாட்களைப் பற்றிய போன மலரில் பாதிப் பேர் தேவனாம்பட்டினம் கடற்கரையை எழுதினார்கள். மீதிப் பேர் விடுதிச் சாம்பாரை எழுதினார்கள். இரண்டும் தீர்ந்துவிட்டதால் நான் நாடகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

1987ஆம் ஆண்டு. பி.ஏ. ஆங்கில இலக்கியம், இரண்டாம் ஆண்டு. அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' எங்களுக்குப் பாடம். பேராசிரியர் அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்கினார். துன்பியல் நாடகத்தின் நாயகன் கிரேக்க நாடகத்து மன்னன் ஈடிபஸைப் போலப் பேரும் புகழும் உள்ள பெரிய மனிதனாக இருக்க வேண்டும். தன் பிழையாலேயே அவன் விழ வேண்டும். உயரத்திலிருந்து விழுந்தால்தானே ஊருக்குக் கேட்கும்! அந்த இடத்தில் 1949 பிப்ரவரி 10 அன்று நியூயார்க்கின் மொராஸ்கோ அரங்கில் மில்லரின் நாயகனாக வில்லி லோமன் என்ற அறுபத்து மூன்று வயது விற்பனையாளன் வந்து நின்றான். பதினேழு நாள் கழித்து மில்லர் நியூயார்க் டைம்ஸில் கட்டுரை ஒன்று எழுதினார். மகுடம் முக்கியமில்லை, தன்மானம் என்ற ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள உயிரையே வைக்கத் துணிகிறவன் யாரானாலும் துன்பியல் நாயகன்தான் என்பது அவர் கட்சி.

நான் எழுந்து நின்றேன். அந்த வயதில் எதற்கெடுத்தாலும் எழுந்து நிற்பேன். "ஐயா, பண்ருட்டிப் பக்கம் எங்கள் பாட்டி ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குக் கர்ண மோட்சம் கூத்து நடக்கும். விடியற்காலையில் கர்ணன் சாயும்போது கிழவிகள் வாய்விட்டு அழுவார்கள். அது துன்பியல். கமிஷன் கிடைக்காத சேல்ஸ்மேன் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கிறார்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. "கோவலன் எந்த நாட்டு ராஜா?" என்று கேட்டார். "மதுரைக்கு எதற்காகப் போனான்? ஒரே ஒரு சிலம்பை விற்கத்தானே?" நான் உட்கார்ந்துவிட்டேன். அதோடு விடவில்லை. நாடகத்தின் சில காட்சிகளைத் தமிழாக்கிக் கல்லூரி விழாவில் மேடையேற்றும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் வீட்டுச் சேல்ஸ்மேன் என் அப்பா. கடலூர் முதுநகரில் ஒரு மொத்த வியாபாரியிடம் வேலை. ஊதுபத்தி, பல்பொடி, சோப்பு. திங்கள்கிழமை பண்ருட்டி, செவ்வாய் நெய்வேலி, புதன் விருத்தாசலம் என்று லைனுக்குப் போவார், ஆர்டர் எடுப்பார், பழைய பாக்கியை வசூலித்து வருவார். சாயங்காலம் அவர் வருவதற்கு முன்னால் ஊதுபத்தி வாசனை தெருமுனையில் திரும்பிவிடும்.

ஒத்திகை நாளில் வீட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவர், கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். நாடகத்தின் தொடக்கத்திலேயே வில்லி இரண்டு பெரிய மாதிரிப் பெட்டிகளோடு இரவில் வீடு திரும்புகிறான். எங்கள் வில்லி இரண்டு காலிப் பெட்டிகளை வீசிக்கொண்டு துள்ளி ஏறினான். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உள்ளே ஒன்றுமில்லை என்று இங்கே வரைக்கும் தெரிகிறது."

மேடைக்குப் போனார். கனமான பெட்டி படியேறும்போது முழங்காலில் இடிக்கும், அதனால் சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும் என்றார். எப்போதும் சுமக்கிற பக்கத்துத் தோள் தானாக இறங்கிவிடும். இறக்கி வைத்ததும் விரல்கள் உடனே விரியாது. கொக்கி மாதிரி அப்படியே நிற்கும். சொல்லிவிட்டுத் தன் வலது கையை விரித்துக் காட்டினார். கடைசி இரண்டு விரல்கள் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தன. மறுநாள் விடுதிக்குப் பின்னால் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து செங்கல் கொண்டுவந்து பெட்டிக்கு ஆறாக அடுக்கினோம்.

விழாவன்று ஒரு பெட்டியின் அடி பிளந்து செங்கல் மேடையில் உருண்டது. "செங்கல் வியாபாரிடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அரங்கமே அதிர்ந்தது. முதலாளியின் மகன் ஹோவர்ட், புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியை வில்லிக்குப் போட்டுக் காட்டிக் களித்துவிட்டு, அதே மூச்சில் வேலையிலிருந்து நீக்குகிற காட்சி வந்தபோதுதான் அடங்கியது. கடைசியில், வீட்டுக் கடனின் கடைசித் தவணையை இன்று கட்டிவிட்டேன், குடியிருக்கத்தான் யாருமில்லை என்று கல்லறை முன் வில்லியின் மனைவி சொல்கிற இடத்தில் எங்கள் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்.

திரும்பும்போது அப்பா கெடிலம் பாலம் வரைக்கும் பேசவில்லை. அதற்கப்புறம், "அவன் என்ன சரக்கு விற்றான்?" என்றார். "செங்கல் இல்லையே?"

யோசித்தேன். தெரியவில்லை. இரவே புத்தகத்தை முழுக்கப் புரட்டினேன். மில்லர் எங்கேயும் சொல்லவில்லை. மூன்று மாதம் அந்த நாடகத்தோடு கிடந்த எனக்கு உறைக்காதது, ஒரே தடவை பார்த்தவருக்கு உறைத்திருக்கிறது. காலையில் சொன்னபோது, "சரக்குப் பேர் சொல்லாமல் எந்தக் கடைக்காரன் ஆர்டர் கொடுப்பான்?" என்று கேட்டுவிட்டு விருத்தாசலம் பஸ்ஸுக்குக் கிளம்பினார்.

வில்லியை நான் இன்றும் முழுதாக ஏற்கவில்லை. ஈடிபஸ் கடைசியில் தன்னை அறிகிறான். வில்லிக்கு ஒன்றும் விளங்குவதில்லை, மகன் பிஃப்புக்குத்தான் விளங்குகிறது. வில்லியோ தன் சாவால் வரும் இன்சூரன்ஸ் பணத்தில் மகன் பெரிய ஆளாகிவிடுவான் என்று நம்பிக்கொண்டே காரை எடுத்துக்கொண்டு போகிறான். என் அப்பாவிடம் காரும் இல்லை, இன்சூரன்ஸும் இல்லை. முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்து, இனி வேனில் சரக்கு போகும், லைனுக்கு ஆள் வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவர் பதினோரு ஆண்டுகள் இருந்தார். ரேஷன் கடைக்குப் போனார், பேத்திக்குப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். இப்படி உயிரோடு மிச்சமிருப்பவனுக்கு அரிஸ்டாட்டிலும் பெயர் வைக்கவில்லை, மில்லரும் வைக்கவில்லை.

வேலை போன அன்று நான் ஊரில்தான் இருந்தேன். சிங்கப்பூருக்கு விசா வரக் காத்திருந்த நாட்கள். பெட்டி கடையுடையது என்று திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். அப்பா வெறுங்கையோடு தெருமுனை திரும்பினார். வாசனை வரவில்லை. வலது தோள் மட்டும் இறங்கியே இருந்தது.