நீட் உயிரியல்: ‘போட்’ என்ற ஒரே வேரைப் பிடித்துப் படியுங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் தமிழ்வழியில் ப்ளஸ் டூ முடித்து நீட் எழுதப் போகிறவர்களில் பலருக்கு விலங்குலகப் பாடத்தின் கிரேக்கப் பெயர்கள்தான் பெரிய தொல்லை. வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தால் நிற்காது. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வேர்ச்சொல்லை எடுத்து அது போகிற இடமெல்லாம் பின்னாலேயே போங்கள். தொடங்குவதற்குத் தோதான வேர் ‘பூஸ்’. பாதம், கால் என்று பொருள். வேறு சொல்லோடு சேரும்போது ‘போட்’ என்றும், சில பெயர்களின் கடைசியில் ‘பஸ்’ என்றும் வரும்.

மாதிரிகள் வீட்டு அடுப்படியிலேயே கிடைக்கும். நண்டு ஆயும்போது ஒரு காலை மெதுவாக வளைத்துப் பாருங்கள். கெட்டி ஓடு நின்று மெல்லிய சவ்வு இருக்கிற இடத்தில்தான் மடங்கும். அந்த மூட்டுதான் ‘ஆர்த்ரான்’. அதனால்தான் ஆர்த்ரோபோடா, கணுக்காலிகள். மூட்டு அழற்சிக்கு ஆர்த்ரைட்டிஸ் என்ற பெயர் வந்ததும் இதே சொல்லிலிருந்துதான். கணவாயில் எட்டுக் கைகளும் இரண்டு நீண்ட உணர்நீட்சிகளும் தலையிலேயே, வாயைச் சுற்றி இருக்கும்: செபலோபோடா. ஊருணிப் படிக்கட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் பைலா நத்தை, வயிற்றுப் பக்கத்துத் தசைப் பாதத்தால் நகரும்: காஸ்ட்ரோபோடா.

நோட்டில் இடப்பக்கம் விலங்கியல், வலப்பக்கம் மருத்துவம் என்று எழுதுங்கள். இடப்பக்கம் அமீபாவின் சூடோபோடியா (போலிக்கால்கள்), நீரிஸ் என்ற கடல் புழுவின் பாராபோடியா (பக்கக்கால்கள்) எல்லாம் சட்டென்று நிரம்பிவிடும். வலப்பக்கத்தில்தான் நிதானம் வேண்டும்.

முதலில் போடோசைட். சிறுநீரகத்தில் பௌமானின் கிண்ணத்து உட்சுவரில், குளோமெருலஸ் என்ற இரத்தத் தந்துகி முடிச்சின் தந்துகிகளைப் பாதம் போன்ற நீட்சிகளால் பற்றிக்கொண்டிருக்கும் செல் இது. நீட்சிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள்தான் வடிகட்டும் பிளவுகள். தந்துகியின் எண்டோதீலியம் (உட்சுவர் செல் அடுக்கு), அடிச்சவ்வு, இந்தப் போடோசைட் அடுக்கு என மூன்றையும் வரிசையாகப் படம் போடுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர் வடிவது இவற்றின் வழியாகத்தான். நீட்சிகள் தட்டையாகிப்போனால் புரதம் சிறுநீரில் ஒழுகும். குழந்தைகளுக்கு வரும் நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறில் பெரும்பாலும் நடப்பது இதுதான். பெயரின் பொருள் தெரிந்தவருக்குப் படமும் நோயும் சேர்ந்தே நினைவில் நிற்கும்.

அடுத்தது பாலிப். ‘பல கால்’ என்ற பொருளில் பிறந்த சொல். ஹைட்ராவின் பாலிப் வடிவமும் மூக்கில் சதையாக வளரும் பாலிப்பும் பெயரால் ஒன்று, அமைப்பால் முற்றிலும் வேறு. கால் பெருவிரல் மூட்டில் வரும் கௌட் என்ற மூட்டு வலி நோய்க்குப் பழைய பெயர் போடாக்ரா.

சறுக்குகிற இடம் ‘பெட்’ (ped). சென்டிபீட் (பூரான்), மில்லிபீட் (மரவட்டை) இரண்டிலும் வருவது லத்தீன் ‘பெஸ்’; அதுவும் கால்தான். ஆனால் குழந்தை மருத்துவமான பீடியாட்ரிக்ஸில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல். எலும்பு, மூட்டு மருத்துவமான ஆர்த்தோபீடிக்ஸும் அந்த வகைதான். 1741-இல் நிக்கோலா ஆந்த்ரி என்ற பிரெஞ்சு மருத்துவர், குழந்தைகளின் உடல் கோணல்களை நிமிர்த்துவது பற்றி எழுதியபோது உருவாக்கிய சொல் அது. இதைக் கால் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. ஆகவே ‘தலைக்காலிகள்’ என்று மட்டும் படித்தால் போதாது, செபலோபோடாவின் ஆங்கில எழுத்துகளும் கைப்பழக்கத்தில் இருக்க வேண்டும்.

வேர் பெயரை விளக்கும், விலங்கு எந்தப் பிரிவு என்று சொல்லித் தராது. மேக்ரோபஸ் ‘பெரும் பாதம்’ கொண்ட கங்காரு, பாலூட்டி, ஆக்டோபஸ் மெல்லுடலி. 180 கேள்விகளில் 90 உயிரியல். சரிக்கு 4, தவறுக்குக் கழிவு 1. வேரை வைத்து நான்கில் இரண்டு விடைகளையாவது தள்ள முடிந்தால் குறியுங்கள். சொல் பழக்கமாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் வட்டத்தை நிரப்ப வேண்டாம்.