கருப்பட்டியில் போன மூன்று மாதம்

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 2024 ஜனவரியில் பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5ஐத் தொட்டுவிட்டால் நோய் என்று விளக்கிய மருத்துவர், இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, இனிப்பைக் குறைத்து நடைப்பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார். சர்க்கரை நோயால் என் அப்பாவின் கால் விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தபோது மருத்துவமனையில் அவர் பக்கத்தில் இருந்தவள் நான். ஆகவே அந்த எண் என்னை உலுக்கிவிட்டது. அதன் பிறகு நான் செய்த தவறுகளால் வீணான மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

முதல் தவறு கருப்பட்டி. முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சீனி டப்பாவை எடுத்து ஓரம் கட்டினேன். "சீனிதாம்மா விஷம், கருப்பட்டி உடம்புக்கு நல்லது, எங்க ஆச்சி தொண்ணூறு வயசு வரைக்கும் கருப்பட்டிக் காப்பிதான் குடிச்சாக" என்று அத்தை சொன்னார்கள். உடன்குடியிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த நல்ல கருப்பட்டியே வீட்டில் இருந்தது. காலையிலும் மாலையிலும் கருப்பட்டிக் காப்பி, பள்ளிக்குக் கொண்டுபோகக் கருப்பட்டி சேர்த்த எள்ளுருண்டை, கோடை தொடங்கியதும் பதநீர் என்று மனநிறைவோடு சாப்பிட்டேன். நல்லது என்று நம்பியதால் அளவும் கூடியது. ஏப்ரலில் மறுபடியும் பரிசோதித்தபோது 6.3 என்று வந்தது.

பதநீரைக் காய்ச்சித்தான் கருப்பட்டி வருகிறது. அதன் பெரும்பகுதி, சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். அதில் கொஞ்சம் தாதுக்கள் உண்டு என்பது உண்மைதான், ஆனால் காப்பியில் போடும் அளவில் அவற்றால் ஆகப்போவது சொற்பம், இரத்தத்தில் ஏறும் சர்க்கரையோ ஏறக்குறைய அதேதான். நாட்டுச்சர்க்கரைக்கும் வெல்லத்துக்கும் தேனுக்கும் இதே கணக்குதான். பரம்பரைப் பொருள் என்ற மரியாதை கருப்பட்டிக்கு எப்போதும் உண்டு, நானும் அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்பவர்கள் அதைச் சீனிக்கு மாற்றாக நினைத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த ஏப்ரல் பரிசோதனைக்கே இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனால், காப்பி குடித்திருக்கிறேன் என்று சொன்னதும் வரவேற்பில் இருந்தவர் "வெறும் வயித்துல வந்தாத்தான் எடுப்போம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையே இல்லை, எந்த நேரத்திலும் எடுக்கலாம் என்பது பின்னால் மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய வருத்தம் ஜூன் மாதத்தில் ஏற்பட்டது. மே முதல் தேதியிலிருந்து முறையாக இனிப்பைக் குறைத்து, ஒரு மாதம் முடிந்த கையோடு ஆவலாகப் போய்ப் பரிசோதித்தேன். 6.2 என்று வந்தது. இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா என்று அன்று மாலை அழுதேன். சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் வாழ்பவை, அவற்றில் ஒட்டிய சர்க்கரையைத்தான் இந்தப் பரிசோதனை காட்டுகிறது, ஆகவே மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் உழைப்பின் பலன் முழுதாகத் தெரியும் என்று பணம் வாங்கிக்கொண்டவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மாலையை நான் அப்படிக் கழித்திருக்க மாட்டேன். இரத்தசோகை உள்ளவர்கள் அதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இரும்புச்சத்துக் குறைவால் இந்த எண் கூடுதலாகக் காட்டக்கூடும்.

உணவு ஆலோசனைக்கென்று ஒரு மருத்துவமனைக்கும் போனேன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பின் கையில் கிடைத்தது ஒரு நகல் தாள். காலையில் ஓட்ஸ், மதியம் சாலட், இரவு சூப், கடைசி வரியில் "இனிப்புகளைத் தவிர்க்கவும்." எப்படித் தவிர்ப்பது என்று கேட்கத்தான் நான் போயிருந்தேன். பிற்பகல் மூன்றரை மணிக்குக் கை தானாக இனிப்பைத் தேடுகிறதே, என்ன செய்வது என்று கேட்டதற்கு, "மனக்கட்டுப்பாடு வேணும் மேடம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரை அழைத்துவிட்டார்கள்.

உண்மையில் எனக்கு உதவியது ஓர் எவர்சில்வர் டம்ளர். கருப்பட்டியை விட்டுச் சீனிக்கே திரும்பியிருந்த மே மாதத் தொடக்கத்தில், ஒரு நாள் முழுக்க நான் குடிக்கும் ஒவ்வொரு காப்பிக்கும் தேநீருக்கும் எத்தனை கரண்டி சீனி போகுமோ அத்தனை கரண்டியை அந்த டம்ளரிலும் போட்டுக்கொண்டே வந்தேன். காலைக் காப்பிக்கு 2, இடைவேளைத் தேநீருக்கு 3, பிற்பகலுக்கு 3, மாலைக்கு 2, இரவுப் பாலுக்கு 2. இரவு அதைச் சமையலறைத் தராசில் கொட்டி நிறுத்தால் 53 கிராம் இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இப்படிச் சேர்க்கும் சர்க்கரையை, தேனும் பழச்சாறும் உட்பட, நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் வைத்துக்கொண்டால் கூடுதல் நன்மை என்கிறது. பிஸ்கட்டும் மிட்டாயும் சேராமலே அதில் இரு மடங்குக்கு மேல் அந்த டம்ளரில் இருந்தது. எந்த அறிவுரையும் செய்யாததை அந்த வெள்ளைக் குவியல் செய்தது.

ஆர்வ மிகுதியில் மறுநாளே சீனி, காப்பி, தேநீர் எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தியதும் தவறுதான். இரண்டாம் நாளே நெற்றிப்பொட்டில் தலைவலி, எரிச்சல், வகுப்பில் பிள்ளைகளிடம் கடுகடுப்பு. சீனியை விட்டதால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். காப்பியைத் திடீரென்று விட்டாலே அந்தத் தலைவலி வரும் என்று மருத்துவர் சொன்ன பிறகு, காப்பியைத் திரும்பத் தொடங்கி, பத்து நாளைக்கு ஒருமுறை அரைக் கரண்டி சீனியை மட்டும் குறைத்தேன். ஜூலை முடிவதற்குள் சீனி இல்லாத காப்பியின் கசப்பு நாக்குக்குப் பழகிவிட்டது. பள்ளி உணவகத் தேநீரில் மட்டும் இது நடக்காது, ஏனென்றால் அங்கே கொதிக்கிற பாலிலேயே சீனியைக் கொட்டிவிடுகிறார்கள். "சீனி கம்மியா" என்று கேட்டுப் பயனில்லை. சிறிய பிளாஸ்க் ஒன்றை வாங்கி வீட்டிலிருந்தே கொண்டுபோகிறேன்.

மூன்றரை மணி ஏக்கத்துக்கான விடையும் மனக்கட்டுப்பாட்டில் இல்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு இட்லி, மதியம் சோறும் ரசமும் கொஞ்சம் பொரியலும் என்றிருந்த என் சாப்பாட்டில் பருப்போ பயறோ முட்டையோ பெயருக்குத்தான் இருந்தது. இனிப்பைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டையும் சேர்த்துக் குறைத்திருந்தேன். வெறும் சோறு சீக்கிரம் செரித்துவிடும், பிற்பகலில் பசி இனிப்பாசையாக வந்து நிற்கும். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, முட்டை அல்லது மீன், கூடவே தட்டைப்பயறுக் கூட்டு என்று மாற்றி, மூன்று மணிக்கே ஒரு சிறிய டப்பா அவித்த கடலையோ சுண்டலோ சாப்பிடத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், மணி நான்கைத் தாண்டிய பின்தான் இனிப்பை நினைக்கவே இல்லை என்பது உறைத்தது. அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

கடைப் பொருள்களில் ஏமாந்ததையும் சொல்லியாக வேண்டும். சர்க்கரை சேர்க்காதது என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பிஸ்கட்டின் பின்பக்கத்தில் மைதாவும், சீக்கிரம் சர்க்கரையாக மாறிவிடும் மாவுப்பொருளான மால்டோடெக்ஸ்ட்ரினும் முதல் வரியிலேயே இருந்தன. சேர்பொருள்களை எடை அதிகமான வரிசையில்தான் அச்சிட வேண்டும் என்பது விதி, ஆகவே முதலில் வரும் பெயர்களைப் படித்தாலே எது அதிகம் என்று தெரிந்துவிடும். குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் எல்லாம் சர்க்கரையின் வேறு பெயர்களே. செயற்கை இனிப்பு மாத்திரையையும் மூன்று வாரம் காப்பியில் போட்டுப் பார்த்தேன். இனிப்பின் மேலுள்ள நாட்டம் அப்படியே இருந்ததால் விட்டுவிட்டேன்.

இருட்டுக்கடைத் தெருவில் நடந்துபோனாலே நெய் மணம் ஆளை நிறுத்தும் ஊர் எங்களுடையது. ஆசிரியர் அறையில் பிறந்தநாளுக்கும் புதுவீட்டுக்கும் அல்வாதான் வரும். வேண்டாம் என்றால் மனம் வருந்துவார்களே என்று வாங்கி, பிள்ளைகளுக்கு என்று பையில் வைத்துக்கொள்வேன். வாழையிலைப் பொட்டலத்தில் நெய் ஊறிக் காகிதம் பளபளக்கும், இலையின் சூட்டு வாசம் பைக்குள்ளிருந்து வரும், வீட்டுப்படி ஏறுவதற்குள் பாதி தீர்ந்திருக்கும். இப்போது ஒரு துண்டை மட்டும் அங்கேயே, எல்லோரோடும் உட்கார்ந்து, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு சாப்பிட்டுவிடுகிறேன். எதையும் பொட்டலமாக வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. தீபாவளிப் பலகாரத்தையும் அன்று ஒரு நாள் மட்டும் சாப்பிட்டுவிட்டு, மீதியை மறுநாள் காலையிலேயே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஆகஸ்டில் 5.9. டிசம்பரில் 5.7. இன்னும் எல்லையைத் தாண்டி வெளியே வரவில்லை. அந்தத் தாளை அத்தையிடம் காட்டியபோது அவர்கள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை எனக்கு வந்த காப்பியில் வழக்கம்போல் கருப்பட்டி இல்லை, அன்று அவர்களுடைய டம்ளரிலும் இல்லை.