ஒபீலியா கையில் மவுஸ்

ஜூலை 3, 2024

எம்.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டுக்கு நான் கேட்டிருந்த விருப்பப் பாடத்துக்கு ஒருவழியாக அனுமதி வந்துவிட்டது. வீடியோ கேம் வழியாக இலக்கியம். துறையில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பிள்ளைங்க புத்தகம் தொட மாட்டேங்குதுன்னு கேமைக் காட்டி இழுக்கப் பாக்கறீங்களா?"

இல்லை. வெறும் தூண்டிலாக என்றால் இந்த வேலையே வேண்டாம். புழுதான் போகும், மீன் மாட்டாது. கேமுக்காக வருகிறவர் கேமை ஆடிவிட்டுப் போவார். என் கணக்கு வேறு. கதையை யார் சொல்கிறார், யாருக்கு எந்த விஷயம் எப்போது தெரிகிறது, யாரால் எதைச் செய்யவே முடியாது என்பதையெல்லாம் வருடக்கணக்காகப் போர்டில் அம்புக்குறி போட்டு விளக்கி வருகிறேன். கேமில் அது கைக்குத் தெரியும். அதனால் கேமையும் ஒரு பிரதியாகவே எடுத்து, நிறுத்தி நிறுத்திப் படிக்கப் போகிறோம்.

கோட்பாட்டுக்கு இரண்டு புத்தகங்களிலிருந்து ஆளுக்கொரு இயல்: ஜானட் மர்ரேயின் 'ஹாம்லெட் ஆன் தி ஹாலோடெக்', எஸ்பன் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்'. இரண்டுமே 1997இல் வந்தவை. கணினி என்பது கதைக்குக் கிடைத்த புது மேடை என்கிறார் மர்ரே. வாசகர் உழைத்தால்தான் நகரும் பிரதிகள் தனி வகை, அவற்றைத் தனியாகப் பாருங்கள் என்கிறார் ஆர்செத். இதற்கப்புறம் 'கேம் கதையா, விதிகளா' என்று பெரிய சண்டையே நடந்தது. அதற்குள் நான் போகப் போவதில்லை. அதில் போனால் செமஸ்டர் முடிந்துவிடும்.

ஜூலை 11

முதல் கேம் 'எல்சினோர்'. 2019இல் வந்தது. ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்து அரண்மனைதான் களம், ஆனால் நாம் ஹாம்லெட்டின் காதலி ஒபீலியா. எல்லோரும் சாகப் போவதாக அவளுக்குக் கனவு வருகிறது. கனவு பலிக்கிறது. அவள் செத்தால் மறுபடி முதல் நாளில் விழித்துக்கொள்கிறாள். கத்தி கிடையாது, சண்டை கிடையாது. அவளிடம் இருப்பதெல்லாம் சேதி மட்டும்தான். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லலாம். அதை வைத்து அரண்மனையின் போக்கு மாறும்.

இருப்பது என் லேப்டாப் ஒன்று, புரொஜெக்டர் ஒன்று. ஒருவர் ஆடினால் மற்றவர்கள் "அங்க போ, இங்க போ" என்று கத்துகிறார்கள். அதனால் ஒரு விதி வைத்தேன்: மவுஸ் பிடிப்பவர் பேசக் கூடாது. என்ன செய்வது என்பதை மற்றவர்கள் சொல்ல வேண்டும், அதற்கு நாடகத்திலிருந்து ஒரு வரியைக் காரணமாகக் காட்ட வேண்டும். வரி இல்லையென்றால் ஒபீலியா நின்ற இடத்திலேயே நிற்பாள்.

பத்து நிமிடத்தில் வகுப்பு மொத்தமும் நாடகத்தின் ஆர்டன் பதிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஒபீலியாவின் அப்பா பொலோனியஸிடம் ஹாம்லெட்டைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு விவாதம். "ரெண்டாவது அங்கத்துல அவ அப்பாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னாளே சார், அதுல இருந்துதானே எல்லாம் கெட்டுது" என்றாள் ஒருத்தி. அந்தக் காட்சியை நான் இதுவரை எந்த வகுப்பிலும் அரைமணி நேரம் பேசியதில்லை.

ஒபீலியா மேடைக்கு வருவதே ஐந்து காட்சிகளில்தான். அவள் சாவைக்கூட நாம் பார்ப்பதில்லை, ஹாம்லெட்டின் அம்மா கெர்ட்ரூட் வந்து சொல்லித்தான் தெரிகிறது. இதைத் தேர்வுக்கு எழுதிவிடலாம். மவுஸைப் பிடித்துக்கொண்டு, ஹாம்லெட் எங்கோ ஒரு அறையில் தன்பாட்டுக்குத் தத்துவம் பேசுவதை வெளியே நின்று கேட்கும்போது அதன் எரிச்சல் புரிகிறது.

ஜூலை 25

லேப் கணினிகளில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. எதுவும் ஓடாது. ஹாஸ்டல் பெண்களில் பாதிப் பேரிடம் லேப்டாப்பே இல்லை. ஆகவே வீட்டில் ஆடி வா என்ற பேச்சே கிடையாது; எல்லாம் வகுப்பில்தான். கேம் இலக்கியத்தை 'எல்லோருக்கும் கொண்டுபோகும்' என்று எழுதுகிறவர்கள் எங்கள் லேபை ஒருமுறை வந்து பார்க்கலாம்.

ஆகஸ்ட் 8

இன்று நடந்ததை விரிவாகவே எழுத வேண்டும்.

'வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச்', 2017. வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு தீவு வீடு, அந்தக் குடும்பத்தில் ஒவ்வொருவரும் செத்த கதை. ஆளுக்கொரு அறை, அறைக்கொரு எழுத்துமுறை: ஒன்று நாட்குறிப்பு, ஒன்று திகில் காமிக்ஸ், ஒன்று கடிதம். முழுதாக ஆட நேரமில்லை. லூயிஸின் பகுதியை மட்டும் எடுத்தேன்.

லூயிஸுக்கு மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை. சால்மன் வந்து விழும். ஒரு கையால் அதை எடுத்துக் கத்திக்குக் கொண்டுபோய், தலையை வெட்டி, மேலே ஓடும் பெல்ட்டில் போட வேண்டும். அடுத்தது. அடுத்தது. மவுஸை இப்படியும் அப்படியும் இழுப்பதுதான் இது. அவனுடைய மனநல மருத்துவர் அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் பின்னணியில் ஒலிக்கிறது. அவன் கற்பனையில் ஒரு சின்ன உலகம் தொடங்குகிறது. திரையின் ஓரத்தில் ஒரு குட்டி உருவம் நடக்கிறது. அதை இன்னொரு கையால் நாம்தான் நடத்த வேண்டும். மீன் வெட்டுவது நிற்காது. கற்பனை மெல்ல மெல்லப் பெரிதாகி மீன், கத்தி, ஆலை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. திரையில் இப்போது ராஜ்ஜியம் மட்டும்தான். ஆனால் வலது கை தானாக இழுத்துக்கொண்டே இருக்கிறது.

இன்று ஆடியவன் செல்போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுபவன். முதலில் "இதெல்லாம் கேமா சார்" என்றவன். பாதியில் நான் திரையை நிறுத்தி, "இப்ப உன் வலது கை என்ன செய்யுது?" என்று கேட்டேன். கீழே குனிந்து தன் கையைப் பார்த்தான். "மீன் வெட்டுது சார். நான் பாக்கவே இல்ல."

கடைசியில் லூயிஸ் முடிசூட்டிக்கொள்ளத் தலை குனிகிறான். எங்கே குனிகிறான் என்பது அந்த மீன் வெட்டும் கத்தியை மறக்காதவர்களுக்குத் தெரியும். முன்னால் நடத்திச் சென்று தலையைக் கொண்டு வைப்பதும் நாம்தான்.

பாத்திரத்தின் மன ஓட்டத்தை அப்படியே எழுதும் நனவோடை உத்தி என்றால் என்ன என்று ஒவ்வொரு வருடமும் மூன்று வகுப்பு எடுக்கிறேன். உடம்பு ஒரு வேலையில், மனம் வேறெங்கோ: வர்ஜீனியா வுல்ஃபின் நாவலில் திருமதி டாலோவே பூ வாங்க நடக்கும் பக்கங்களை இதற்குப் பிறகு வாசிக்கச் சொன்னேன். அவள் தெருவைக் கடக்கும் இடங்களையும் எங்கோ ஒரு மணி அடிக்கும் இடங்களையும் அவர்களாகவே அடிக்கோடிட்டிருந்தார்கள்.

ஒரு பெண்ணுக்கு மட்டும் திரை ஆடுவதைப் பார்த்துத் தலை சுற்றி வாந்தி வந்துவிட்டது. பாத்திரத்தின் கண் வழியாகவே எல்லாம் தெரியும் முதல்-ஆள் பார்வைக் கேம்களில் இது சகஜம். அவளுக்கு அந்தக் கடிதத்தை எழுத்தாகக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 22

'வால்டன், ஏ கேம்'. ட்ரேசி ஃபுல்லர்ட்டன் குழு பத்து வருடத்துக்கு மேல் உழைத்து 2017இல் வெளியிட்டது. 'வால்டன்' நூலை எழுதிய தோரோ 1845 ஜூலை 4 அன்று காட்டுக் குடிலுக்குக் குடிபோனார். அந்த வாழ்க்கையை நாம் வாழ வேண்டும். விறகு, சாப்பாடு, துணி, கூரை. இதிலேயே மூழ்கிக் காட்டைக் கவனிக்காமல் விட்டால் மன உற்சாகம் வடிந்து, உலகமே மங்கிப்போகிறது.

வகுப்பு கொட்டாவி விட்டது. நியாயம்தான். ஆனால் ஒருவன் கேட்டது நன்றாக இருந்தது: "குடிசைக்கு 28 டாலர் 12½ சென்ட்னு கணக்கு எழுதி வெச்சிருக்காரே, அந்தக் கணக்கை விட்டு வெளிய வரத்தானே காட்டுக்குப் போனார்? இங்க உற்சாகத்துக்கும் மீட்டர் வெச்சுட்டாங்களே சார்." விதிகளால் ஒரு கருத்தைச் சொல்லும்போது அந்தக் கருத்து எங்கே இடறுகிறது என்று காட்டிவிட்டான். இன்டர்னல் மதிப்பெண் முழுசாகப் போட்டேன்.

செப்டம்பர் 5

எண்பது நாளில் உலகைச் சுற்றும் ஜூல் வெர்ன் நாவலும் '80 டேஸ்' கேமும். கேம் 2014, இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம். எழுத்து பெரும்பாலும் மெக் ஜெயந்த். நாம் நாயகன் ஃபாக் அல்ல, அவருடைய வேலைக்காரர் பஸ்பார்தூ. போனிலேயே ஓடுகிறது என்பதால் முதல்முறையாக எல்லோர் கையிலும் கேம்.

நாவலில் இந்தியா என்பது ரயில்பாதை முடிந்துபோன இடம். யானைக்கு 2,000 பவுண்டு கொடுத்து வாங்கி, சிதையிலிருந்து ஔதா என்ற பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஒரு மேடை. கேமில் வழியில் பார்க்கிற ஆட்களுக்கு அவரவர் சோலி இருக்கிறது. பதில் சொல்லாமல் போவார்கள், உதவ மறுப்பார்கள். "நம்மள மதிக்கவே மாட்டேங்கறாங்க சார்" என்று ஒருவன் புலம்பினான். பின்காலனியம் பற்றிய வகுப்பை அங்கிருந்து தொடங்கினேன்.

செப்டம்பர் 19

'வெண்பா', 2023. டொராண்டோவில் குடியேறிய தமிழ்க் குடும்பம், கதை 1988இல் தொடங்குகிறது. சின்ன கேம், சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதை வாங்கியது. அம்மாவின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, கறைபட்டு இருக்கும். விட்டுப்போனதை நாமே ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்ற இடத்தில் கேமில் புலியான பையன்கள் எல்லோரும் கோட்டை விட்டார்கள். மவுஸையே தொடாத ஒரு பெண் எழுந்து வந்து, குழிக்கு மேல் குழி வராமல் தட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

பிரதியில் இடைவெளி, வாசகர் அதை நிரப்புவது என்று வாசிப்புக் கோட்பாட்டாளர் ஐசர் சொன்னதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. ஆனால் நிரப்ப வேண்டியதை வாசகர் எங்கிருந்து கொண்டுவருகிறார் என்றும் கேட்க வேண்டும். இவர்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தார்கள். வளர்ந்த மகன் கவின் அதே புத்தகத்தைத் தட்டுத்தடுமாறிப் படிக்கும் இடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 10

இறுதி வேலை: ஒரு பிரதியை எடுத்து ட்வைனில் விளையாட்டாக்க வேண்டும். 2009இலிருந்து இருக்கும் இலவசக் கருவி, பிரௌசரிலேயே ஓடும், எழுத்தும் இணைப்பும்தான். லேப் கணினிகள் முதல்முறையாகப் பயன்பட்டன.

பெரும்பாலானவை சுமார். மக்பெத் மன்னரைக் கொலை செய்யாமல் விட்டுவிடலாம் என்று நான்கு பேர் செய்திருந்தார்கள். விட்டால் கதை முடிந்துவிடுகிறது, அப்புறம் என்ன என்று யாரும் யோசிக்கவில்லை.

இட்லித் தட்டு வைத்தவள் ஆங்கிலப் பிரதியையே எடுக்கவில்லை. சங்க அகப்பாடல்களின் அறத்தொடு நிற்றலை, அதாவது தலைவியின் காதலை வீட்டாருக்குத் தெரியப்படுத்துவதை, எடுத்திருக்கிறாள். நாம் தோழி. தலைவி தன் காதலை நம்மிடம் சொல்லிவிட்டாள். நாம் செவிலிக்கு (வளர்ப்புத் தாய்க்கு) சொன்னால் செவிலி நற்றாய்க்கு (பெற்ற தாய்க்கு), நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் (அண்ணன்மாருக்கும்). எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது, தலைவியின் வாட்டத்துக்குக் காரணம் தேடி வேலன் ஆடும் வெறியாட்டு நடக்கும்வரை வாய்திறக்காமல் இருப்பதா? வாயை மூடிக்கொண்டே இருந்தால் தலைவிக்கு இற்செறிப்பு, அதாவது வீட்டுக் காவல். வரைவுக்கும் (திருமணத்துக்கும்) ஒரு வழி, உடன்போக்குக்கும் (தலைவனோடு கிளம்பிப் போவதற்கும்) ஒரு வழி.

அக்டோபர் 17

தமிழ்த் துறையிலிருந்து மூத்த பேராசிரியர் ஒருவரை அழைத்து வந்து, அந்தப் பெண்ணையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் விளையாட்டைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பொறுமையாக ஆடினார். ஒரு திரையில் நின்றுவிட்டார்.

"இங்க தலைவி நேராப் போய்ச் செவிலிகிட்ட தன் வாயாலயே சொல்ற மாதிரி ஒரு பொத்தான் இருக்கேம்மா. மரபு அது இல்லையே. அவ தோழிகிட்டதான் சொல்லணும்."

"தெரியும் ஐயா. அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். தலைவி முற்றத்துக்கு வருகிறாள், செவிலி நிமிர்ந்து பார்க்கிறாள், தலைவி பேச வேண்டிய இடத்தில் தேர்வு செய்ய ஒரு வரிகூட இல்லை. திரும்பிப் போக மட்டும் இணைப்பு இருக்கிறது.

"இது பிழையா, வேணும்னே செஞ்சதா?" என்றார் என்னிடம். அவளையே கேளுங்கள் என்றேன். இருவரும் குறுந்தொகையைத் திறந்து வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். எனக்கு மூன்றாவது பீரியடுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன்.