செய்தியில் வரும் கோழியும் எங்கள் தோட்டத்துக் கோழியும்

இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்த புதிதில், இந்த ஊர் பழக வேண்டும் என்று மாலைச் செய்திகளை விடாமல் பார்ப்பேன். பறவைக் காய்ச்சல் என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரிக் காட்சிதான் வரும். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள், சாலையோரம் ஓர் எச்சரிக்கைப் பலகை, கதவு மூடிய லாரி. அடுத்த நொடியே யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில் மேயும் நாலைந்து பழுப்புக் கோழிகள். நோய் வந்தது பல ஆயிரம் பறவைகள் அடைந்த பண்ணையில் என்று வாசிப்பவர் சொல்லுவார். ஆனால் நோய் வந்த பண்ணைக்குள் கேமராவை விட மாட்டார்கள், விடவும் கூடாது. எளிதாகப் படம் பிடிக்கக் கிடைப்பது வீட்டுக் கோழி. அதனால் அந்தச் செய்திக்கெல்லாம் அதன் முகமே நிலைத்துவிட்டது.

கோவைப் பக்கம் கோழிகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். லெஸ்டரில் பின்பக்கம் நீளமான தோட்டம் உள்ள வீடு அமைந்ததும் கோழி வளர்க்க ஆசை வந்தது. ஆனால் செய்தியில் பார்த்ததெல்லாம் மனதுக்குள் உட்கார்ந்துகொண்டு, இது இங்கே செய்யக்கூடிய காரியமா, யாராவது புகார் கொடுப்பார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தது. 2020 பொது முடக்கத்தின்போது எல்லாம் தலைகீழானது. வீட்டில் கோழி வளர்ப்பவர்களைப் பற்றி அழகழகான படங்களோடு கட்டுரைகள் வந்தன. குழந்தைகள் கையில் முட்டை, மரத்தால் செய்து வண்ணம் பூசிய கூடு. கோழிக்கும் கூட்டுக்கும் பெரும் கிராக்கி. அந்தக் கட்டுரைகளில் நோய் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை. கை கழுவச் சொல்லக்கூட ஆள் இல்லை. முதலில் பார்த்தது வெறும் பயம், இப்போது பார்ப்பது வெறும் அழகு. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கோழியைக்கூட வளர்க்க முடியாது.

எங்களுக்குக் கோழி கிடைத்தது பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை வழியாக. 2005இல் ஜேன் ஹோவர்த் தொடங்கியது. பண்ணைகளில் ஒன்றரை வயது வாக்கில் முட்டை குறைந்ததும் கழித்துவிடும் கோழிகளை வாங்கி வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். நான்கு கோழிகள் வந்தன. கழுத்திலும் பின்புறத்திலும் இறகே இல்லை, இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. கொண்டை வெளிறி ஒரு பக்கம் தொங்கியது. மண்ணில் இறக்கிவிட்டபோது ஒரு காலைத் தூக்கி வைத்து, கீழே பார்த்து, மறுபடி இழுத்துக்கொண்டது ஒன்று. ஈரப் புல் அதற்குப் புதிது. கிளறவும் குழி பறித்து மண்ணில் குளிக்கவும் அவற்றுக்குத் தானாகவே வந்துவிட்டது. சில மாதங்களில் இறகு மூடி, கொண்டை நல்ல சிவப்பாக நிமிர்ந்தது. பூண்டுப் பல் அளவு புதிய இறகுக் குருத்துகள் தோலைக் கிழித்துக்கொண்டு வரிசையாக வருவதை அருகில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

வளர்க்க ஆரம்பித்த பிறகுதான் இங்குள்ள சட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்தன. என்னை உலுக்கியது சமையலறை மிச்சம் பற்றிய தடை. ஒரு முறை சமையலறைக்குள் போன எதையும் கோழிக்குப் போடக் கூடாது. மிஞ்சிய சோறு, தோசை, காய்த் தோல்கூடக் கூடாது. செல்லப் பிராணியாக வளர்க்கும் கோழிக்கும் இதுதான் சட்டம். இறைச்சி, பால், முட்டை எதுவுமே நுழையாத வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. 2001இல் இங்கே கோமாரி நோய் பரவி அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். பன்றிகளுக்குப் பதப்படுத்தாத உணவுக் கழிவைப் போட்டதில் அது தொடங்கியிருக்கும் என்பதே விசாரணையின் முடிவு. அந்தக் காயத்திலிருந்து பிறந்த சட்டம் இது. அம்மாவிடம் சொன்னபோது, "மிச்சச் சோத்தக் கோழிக்குப் போடாம பின்ன எங்க கொண்டுபோய்க் கொட்டறது கண்ணு?" என்றார். கோழி வளர்க்கும் ஆங்கிலேயர் பலருக்கும்கூட இது தெரியாது. பயமுறுத்தும் செய்திகள் அத்தனை பார்த்தேனே, ஒன்றிலாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

2021 நவம்பர் 29 முதல் நாடு முழுக்க எல்லாப் பறவைகளையும் அடைத்து வைக்கும்படி உத்தரவு வந்தது. ஒற்றைக் கோழி வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும். அடுத்த மே 2 வரை நீடித்தது. காரணம் சரியானதுதான். அந்தக் குளிர்காலத்தில் வலசை வந்த வாத்துகளோடும் அன்னங்களோடும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி பெரிய அளவில் வந்து இறங்கியிருந்தது. காட்டுப் பறவையின் எச்சம் ஒரு துளி தண்ணீரில் விழுந்தாலும் போதும். என் கணவரும் நானும் மழையில் நனைந்தபடி வலைக்கூண்டுக்கு மேல் தகடு பொருத்தினோம். ஓரங்களில் 25 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாத வலை. தீவனமும் தண்ணீரும் கூரைக்கு உள்ளே. நுழைவாயிலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அதைக் கோழிக்கூட்டைத் தவிர வேறெங்கும் போடுவதில்லை. பக்கத்தில் ஒரு தட்டையான தொட்டி, அதில் அரசு அங்கீகரித்த கிருமிநாசினி. பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தேய்த்துக் கழுவிய பிறகே தொட்டியில் முக்க வேண்டும். மண்ணோடு முக்கினால் மருந்து வேலை செய்யாது. இலை விழுந்து கலங்கினால் மாற்ற வேண்டும். இவ்வளவுதான் வேலை. ஆனால் தினமும் செய்ய வேண்டும்.

2022 ஜனவரி முதல் வாரத்தில் அந்தச் செய்தி வந்தது. தென்மேற்கு இங்கிலாந்தில் ஒருவருக்குப் பறவைக் காய்ச்சல். அடுத்த நாள் பக்கத்து வீட்டு அம்மையார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, செய்தித்தாளை மடித்துப் பிடித்தபடி, "உங்கள் பறவைகளுக்கு ஒன்றும் இல்லையே? என் பேரன் வாரக்கடைசியில் வருகிறான்" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. பயந்திருந்தார். வயதானவர், தனியாக இருப்பவர். அவருக்கு அந்தத் தலைப்பு என்ன செய்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது.

சரி என்று பிரிட்டன் சுகாதாரப் பாதுகாப்பு முகமையின் அறிக்கையை எடுத்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நோய்வாய்ப்பட்ட ஏராளமான பறவைகளோடு வீட்டுக்குள்ளும் வெளியிலும் தொடர்ந்து மிக நெருங்கிப் பழகியவர் அந்த நோயாளி. நலமாக இருக்கிறார். அவரிடமிருந்து வேறு யாருக்கும் பரவவில்லை. பொதுமக்களுக்கு ஆபத்து மிகக் குறைவு, ஆனால் நோயுற்ற, செத்த பறவைகளைத் தொடாதீர்கள். பயமும் வேண்டும், அளவும் வேண்டும் என்றால் எப்படி எழுதுவது என்பதற்கு அந்த அறிக்கையையே காட்டலாம். செய்தித்தாளில் இதெல்லாம் இருந்தது, கடைசிப் பத்திகளில். வேலிப் பக்கம் நின்று படிப்பவர் அதுவரை போவதில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1988 டிசம்பரில் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதியை சால்மொனெல்லா என்ற வயிற்றைக் கெடுக்கும் கிருமி பாதித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். முட்டை விற்பனை சரிந்தது, இரண்டு வாரத்தில் அவர் பதவி விலகினார். சால்மொனெல்லா அப்போது உண்மையிலேயே பெரிய சிக்கலாக இருந்தது. அதைத் தீர்த்தது பிற்பாடு கோழிகளுக்கு வந்த தடுப்பூசியும், தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டையில் சிங்கப் படம் பதிக்கும் சிங்க முத்திரைத் திட்டமும். அது தொடங்கியது 1998இல். 2005 செப்டம்பரில் ஐ.நா. அதிகாரி டேவிட் நபாரோ, பறவைக் காய்ச்சல் மனிதரிடையே உலகளவில் பரவினால் 50 லட்சம் முதல் 15 கோடி பேர் வரை இறக்கலாம் என்றார். தலைப்புகளில் ஏறியது அந்த 15 கோடிதான். மறுநாளே உலக சுகாதார நிறுவனம் தன் மதிப்பீடு அதைவிட மிகக் குறைவு என்று விளக்க வேண்டியிருந்தது. 2006 வசந்தத்தில் ஸ்காட்லாந்தின் செலர்டைக் துறைமுகத்தில் பறவைக் காய்ச்சல் வந்து ஒரேயொரு அன்னம் செத்து மிதந்தது. நாடே அந்த அன்னத்தைப் பற்றிப் பேசியது.

2022 நவம்பரில் கடைகளில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோதும் பார்த்தேன். ஆஸ்டாவும் லிடிலும் ஆளுக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு வைத்தன. எங்கும் பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று பேச்சு. முட்டை உற்பத்தியாளர் சங்கமோ, தீவனமும் மின்சாரமும் ஏறிய அளவுக்குப் பெரிய கடைகள் விலை தரவில்லை, அதனால் விவசாயிகள் புதிதாகக் கோழி இறக்கவில்லை என்று மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. நோயைக் காட்டினால் கொள்முதல் விலை பற்றிப் பேச வேண்டியதில்லை. இது எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2003 முதல் உலகம் முழுக்க எச்5என்1 தொற்று உறுதியான மனிதர்கள் 900க்கு மேல். அதில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். கோழிக்கு வந்தால் தப்பிப்பது அரிது. தலை வீங்கும், கொண்டை நீலம் பாயும், சில சமயம் எந்த அறிகுறியும் இல்லாமல் காலையில் விழுந்து கிடக்கும். நோய் உறுதியானால் அந்த இடத்தில் உள்ள எல்லாப் பறவைகளையும் அரசு கொன்றுவிடும். பண்ணை என்றால் சுற்றி 3 கிலோமீட்டர், 10 கிலோமீட்டருக்குக் கட்டுப்பாடு வரும். தடுப்பூசி போடலாமே என்றால், வீட்டுக் கோழிக்கும் பண்ணைக் கோழிக்கும் இங்கே பறவைக் காய்ச்சல் தடுப்பூசி போட அனுமதி இல்லை. அப்புறம், அன்றாடம் எங்கள் வீட்டுக்கு நெருக்கமான ஆபத்து சால்மொனெல்லா. பார்க்க நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் அது இருக்கலாம். என் மகள் கோழியைத் தூக்கிக் கொஞ்சலாம், முத்தம் கொடுக்கக் கூடாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எங்கள் முட்டையில் சிங்க முத்திரை இல்லை, அதனால் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் நன்றாக வேகவைத்துத்தான்.

பக்கத்து வீட்டு அம்மையாரிடமும் இதைத்தான் சொன்னேன். வலையையும் தொட்டியையும் அவரே வந்து பார்த்தார். பேரன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்ப்பதாக முடிவானது. எங்கள் இருவருக்கும் அது சரியாக இருந்தது.

அம்மா பார்க்கும் தமிழ்ச் செய்திகளும் வேறு மாதிரி இல்லை. கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு நோய் வந்தால் போதும், வாளையார் சோதனைச் சாவடியில் லாரிச் சக்கரத்துக்கு மருந்து அடிக்கும் படம் நாள் முழுக்க ஓடும். வீட்டுக் கோழி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது அங்கேயும் வராது. அதைப் பார்த்துவிட்டு, "அந்தக் கோழிகளை யாருக்காச்சும் குடுத்துரு கண்ணு" என்று அம்மா கூப்பிட்டுச் சொல்லுவார். ஊரில் வெள்ளைக் கழிச்சல் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியானதைப் பார்த்தவர் அவர். கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாதவர். அவருக்குத் தொட்டியையும் பூட்ஸையும் காணொளியில் காட்டினேன். அதன் பிறகு கேள்விகள் மாறின. சிட்டுக்குருவி உள்ளே வருதா, தண்ணி எத்தனை தடவை மாத்தறே என்று கேட்கிறார்.

2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். முன்பு 50 பறவைகளோ அதற்கு மேலோ இருந்தால் மட்டுமே கட்டாயம். அந்த அறிவிப்பு வந்தபோது, பக்கத்துத் தெருவில் ஆறு கோழி வைத்திருக்கும் யாழ்ப்பாணத் தங்கை ஒருத்தி என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, பதிஞ்சால் பிறகு வந்து கோழியளைப் பிடிச்சுக்கொண்டு போவினமோ?" அவள் பார்த்த செய்தியிலும் அதே வெள்ளை உடுப்புக்காரர்கள்தான். அரசு பதிவேட்டில் வீட்டு விலாசத்தைக் கொடுப்பது என்பது நம்மில் பலருக்குச் சாதாரண விஷயம் கிடையாது. அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு செய்தியும் முயலவில்லை.

அவளோடு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். கட்டணம் கிடையாது. எத்தனை பறவை, என்ன வகை, எங்கே, எதற்காக வளர்க்கிறீர்கள், தொடர்புக்கு எண், மின்னஞ்சல். பக்கத்தில் நோய் வந்தால் நேராக நமக்கே தகவல் வரும் என்பதுதான் இதனால் நமக்குக் கிடைப்பது என்று சொன்னதும் முகம் தெளிந்தது. சமையலறை மிச்சம் பற்றிச் சொன்னபோது மட்டும் அம்மா கேட்ட அதே கேள்வியைக் கேட்டாள். 2025 ஜனவரி கடைசியில் இங்கிலாந்து முழுக்கப் பறவைக் காய்ச்சல் தடுப்பு மண்டலம், அதாவது கோழி வைத்திருப்பவர் எல்லோருக்கும் கிருமிப் பாதுகாப்பு கட்டாயம் என்ற உத்தரவு, அறிவித்தபோது அவளிடம் பூட்ஸுக்குத் தொட்டி இருந்தது, வலைக்கு மேல் மூடுவதற்குத் தகடு இல்லை. எங்களிடம் மிஞ்சியிருந்ததை அவள் கணவர் வந்து எடுத்துப்போனார்.