கொரியாவில் ஒத்திக்கு வீடு பிடிப்பவர்களுக்கு

ஊர்ப்பக்கம் ஒத்தி என்கிறோம், இங்கே பெங்களூரில் லீஸ் என்கிறோம். கொரியாவில் அதற்குப் பெயர் ஜொன்சே. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப்பணத்தையும் திரும்ப வாங்கும் ஏற்பாடு. வழக்கமான ஒப்பந்தம் 2 ஆண்டு. தொகைதான் மலைக்க வைக்கும்: பல இடங்களில் வீட்டு விலையில் பாதிக்கும் மேல். வைட்ஃபீல்டிலிருந்து சுவோனுக்கும் சியோலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள், ஒத்தி பழகிய தைரியத்தில் சட்டென்று கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

கொரியா தொழில்மயமான காலத்தில் வங்கிக் கடன் பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்கே போனது. வீட்டுக்குப் பணம் தேவைப்பட்டவர் குடித்தனக்காரரிடம் வாங்கினார். ஆகவே ஜொன்சே என்பது நீங்கள் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன். அவர் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதில்லை; அடுத்து வருகிறவர் தரும் பணத்தில்தான் பெரும்பாலும் உங்களுக்குத் திருப்புவார். 2022இல் வட்டி ஏறி ஜொன்சே விலை சரிந்ததும் அந்தச் சங்கிலி அறுந்தது. குடித்தனக்காரர் பணத்தை வைத்தே நூற்றுக்கணக்கான வீடுகளை வாங்கிக் குவித்தவர்கள் கையை விரித்தார்கள். 2023 ஜூனில் தனிச் சட்டமே வந்தது. அதன்கீழ் பாதிக்கப்பட்டோராக ஏற்கப்பட்டவர்கள் 30,000க்கும் மேல்.

கடன் கொடுப்பவர் என்ன பார்ப்பாரோ அதை நீங்களும் பாருங்கள். சொத்துப் பதிவேட்டை நீதிமன்றத்தின் இணையப் பதிவகத்தில் 700 வொன் கட்டி யாரும் பார்க்கலாம். மூன்று பகுதி: கட்டட விவரம், உரிமையாளர், அடமானம். மூன்றாவதில் இருக்கும் தொகை உண்மைக் கடனைவிடக் கூடுதலாக, வழக்கமாக 120 சதவீதமாகப் பதிவாகியிருக்கும். அந்தத் தொகையையும் உங்கள் பணத்தையும் கூட்டினால் வீட்டு விலையில் 70 சதவீதத்தைத் தாண்டுகிறதா? அந்த வீடு வேண்டாம். வீட்டுக்காரர் கடன் கட்டாமல் வீடு ஏலத்துக்குப் போனால் சந்தை விலை கிடைக்காது. பதிவேட்டை மூன்று முறை எடுங்கள்: வீடு பார்க்கும்போது, கையெழுத்திடும் நாளில், மீதிப் பணம் அனுப்பும் காலையில். பணம் பதிவேட்டில் உள்ள உரிமையாளர் பெயரிலான கணக்குக்கே போக வேண்டும்.

ஏலப் பணத்தைப் பெறும் வரிசையில் உங்களுக்கு இடம் பிடித்துத் தருபவை இரண்டு: குடியேறியதாகப் பதிவு, ஒப்பந்தத்தில் அரசு அலுவலகம் இடும் தேதி முத்திரை. வெளிநாட்டவருக்கு, தங்குமிட மாற்ற அறிவிப்பே அந்த வீட்டில் குடியேறியதற்கான பதிவாகக் கொள்ளப்படும். சட்டம் 15 நாள் அவகாசம் தந்தாலும் குடிபுகும் அன்றே முடித்துவிடுங்கள். இங்கேதான் பலர் விழும் குழி இருக்கிறது. குடித்தனக்காரரின் பாதுகாப்பு மறுநாள் நள்ளிரவு 0 மணிக்குத்தான் தொடங்கும். அடமானமோ பதிவான அன்றே செல்லும். நீங்கள் சாமான் இறக்கும் மதியத்தில் வீட்டுக்காரர் கடன் வாங்கினால் வங்கி உங்களுக்கு முன்னால் நிற்கும். 'மீதிப் பணம் தந்த மறுநாள் வரை புதிய அடமானம் கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்து, பணம் முழுவதும் வாபஸ்' என்று தனி நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். மறுக்கும் வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்.

ஒரே உரிமையாளர், பல குடித்தனங்கள் என்ற கட்டடத்தில், உங்களுக்கு முன் குடிவந்தவர்களின் ஜொன்சே பணம் பதிவேட்டில் தெரியாது. அந்தப் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் பணத்தைத் திருப்பாவிட்டால் ஈடுகட்டும் உத்தரவாதக் காப்பீட்டை அரசு நிறுவனமான ஹக் (HUG) தருகிறது; தலைநகர் வட்டாரத்தில் அதற்கு ஜொன்சே தொகையின் உச்சவரம்பு 70 கோடி வொன். வீடு அதற்குத் தகுதியா என்று கையெழுத்துக்கு முன்பே விசாரியுங்கள்.

ஒப்பந்தம் முடிந்தும் பணம் வரவில்லை, ஆனால் பெங்களூருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று என்றால்? வீட்டைக் காலி செய்தால் வரிசை போய்விடும். முதலில் நீதிமன்றத்தில் குத்தகை உரிமைப் பதிவு ஆணை கேளுங்கள். அது பதிவேட்டில் ஏறிய பிறகே கிளம்புங்கள்.

இங்கே பெங்களூரில் லீஸ் எடுப்பவர்களுக்கு இந்த அளவு பாதுகாப்புகூடக் கிடையாது. பல ஒப்பந்தங்கள் நோட்டரி கையெழுத்தோடு நின்றுவிடுகின்றன. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி தளத்தில் வில்லங்கச் சான்று எடுத்தால் மட்டும் போதாது. பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வாங்கிய கடன் அதில் விடுபட்டிருக்கலாம். அடமானக் கடன்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவகமான செர்சாய் (CERSAI) தளத்திலும் சிறு கட்டணம் கட்டி அதே சொத்தைத் தேடிவிடுங்கள்.