சாம்பல் நிறக் கட்டம்

"இதுவே புல் மேயும் விலங்காக இருந்தால் வெள்ளையாகவே விட்டிருப்பீர்கள், இல்லையா சார்?" என்று கேட்டார் என் ஆய்வு மாணவர். "இல்லை" என்றேன், யோசிக்காமல். அந்தப் பதிலை விட அது வந்த வேகம்தான் என்னை இன்னும் உறுத்துகிறது.

எங்கள் அட்டவணையில் கறுப்பு என்றால் மரபணு வேலை செய்கிறது, வெள்ளை என்றால் பரிணாமத்தில் தொலைந்துவிட்டது, சாம்பல் என்றால் சொல்ல முடியாது. பூச்சிகளின் ஓட்டிலுள்ள கைட்டினைச் செரிக்கும் கைட்டினேஸ் நொதிகளைப் பாலூட்டிகளில் ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பொது மூதாதைக்கு இவ்வகை மரபணுக்கள் ஐந்து இருந்ததாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. பூச்சிகளையே பெரிதும் நம்பி வாழும், குரங்குகளுக்கு உறவான டார்சியர் என்ற சிறு விலங்கிடம் ஐந்தும் வேலை செய்கின்றன. மனிதரிடம் ஒன்றுதான், மற்றவற்றில் சில சிதைந்து கிடக்கின்றன. உணவு மாறியது, நொதி போயிற்று. இத்தனை வாகாகப் பொருந்தும் கதைகளிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

அவர் கண்டதோ கதைக்கு எதிரானது. ஒரு பூச்சியுண்ணியில் பக்கத்து மரபணுக்கள் இரண்டும் வரிசை பிசகாமல் இருந்தன. நடுவிலிருக்க வேண்டியது மட்டும் இல்லை. அங்கே டி.என்.ஏ. எழுத்துகள் படிக்கப்படாத இடைவெளி இருப்பதைச் சுட்டிக்காட்டினேன். நெருங்கிய இனத்திலும் அதே இடம்தான் காலி, இரண்டிலும் ஒரே இடத்திலா ஓட்டை விழும் என்றார். விழும். ஒன்றுபோலிருக்கும் பிரதிகள் அடுத்தடுத்து நின்றால், டி.என்.ஏ.வைப் படித்த குட்டைத் துண்டுகளைக் கோக்கும் மென்பொருள் அங்கேதான் தடுமாறும். இழப்பு என்று சொல்ல எனக்குப் பிணம் வேண்டும்: புரதம் உருவாவதைப் பாதியில் முடித்துவிடும் நிறுத்தக் குறியீடு நடுவே விழுந்த ஓர் எச்சமாவது. கோழியில், பசியைக் கட்டுப்படுத்தும் லெப்டின் என்ற ஹார்மோனின் மரபணு இல்லையென்றே பலர் நம்பிவந்தார்கள், பிறகு அது கிடைத்தது.

ஆனால் அடியோடு நீங்கிய மரபணு எச்சம் எதையும் விடாது. அதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னிடம் மறுமொழி இருந்திருக்காது.

கட்டத்தைச் சாம்பலாக்கினேன். ஐயத்தை ஐயமாகக் காட்டுவதில் தவறென்ன? பிறகு அட்டவணையைப் பார்த்தபோது, சாம்பல் பெரும்பாலும் பூச்சியுண்ணிகளின் பக்கமே சேர்ந்திருந்தது. அவற்றிடம் பிரதிகள் அதிகம், ஆகவே இடைவெளிகளும் அதிகம் என்று விளக்கலாம். நல்ல விளக்கம்தான். ஆனால் படத்தைப் பார்ப்பவர்கள் கறுப்பையும் வெள்ளையையும்தான் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணினால், நான் பயந்த அந்தக் கதை முன்னைவிடப் பலமாகவே தெரிகிறது.